விரதத் தூளும் பெரிய கம்பெனியும்

நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த புதிதில் காஜா பெராங் என்ற ஊரில் எங்களுக்கு ஒரு மாவு மில் இருந்தது. மில் என்றால் ஒரே ஒரு மெஷின். அதை ஓட்ட என் வீட்டுக்காரர், கூட்டிப் பெருக்க நான். அவ்வளவுதான் எங்கள் கம்பெனி.

பக்கத்துக் கிராமமான செட்டி கம்பத்து அக்கா ஒருவர் சம்பால் துவையலுக்குக் காய்ந்த இறால் கொண்டுவந்து அரைத்துப் போவார். அவர்கள் தமிழ் வம்சம்தான், ஆனாலும் என்னிடம் மலாயில்தான் பேசுவார். இறால் அரைத்தால் சல்லடையைக் கழற்றிக் கழுவி, ஒரு பிடி பச்சரிசியை ஓட்டி, அதைக் கோழிக்குப் போட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் அடுத்தவர் மல்லியும் மிளகாயும் உள்ளே போகலாம். அம்மன் திருவிழா விரத நாட்களில் இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அந்த வருஷம் திருவிழா நெருங்கும்போது டவுனில் இருந்த பெரிய மசாலா கம்பெனியின் மெஷின் பழுதாகிவிட்டது. ரப்பர் தோட்டத்துக் கோயில்களுக்கு விரதச் சமையல் தூள் அனுப்புகிறவர்கள் அவர்கள்தான். மூட்டைகளைக் கொண்டுவந்து எங்களிடம் இறக்கினார்கள். இப்படி ஒரு வேலை வராதா என்று நாங்கள் ஏங்கிக் கிடந்த காலம் அது. லாரிக்காரர் ஹாரன் அடித்த அவசரத்தில், இறால் ஓட்டிய மெஷினைக் கழுவாமலே என் வீட்டுக்காரர் அரைத்துக் கொடுத்துவிட்டார். லாரி நேரே தோட்டங்களுக்குப் போன பிறகு பெருக்கப் போனேன். சல்லடையில் இறால் மீசை ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்துக்கொண்டுபோய் அவரிடம் காட்டினேன்.

“விடு. அவங்க எம்மாம் பெரிய கம்பெனி. நம்ம தூள் எங்க போச்சுன்னு யாருக்குத் தெரியும்?” என்றார் அவர்.

“விரதம் இருக்கிறவங்க வாய்க்குள்ள போகும். வேற எங்க போகும்?”

“சொன்னா இனிமே வேலை தரமாட்டாங்க. நாம சின்ன ஆளுங்க.”

“சின்ன ஆளுங்கன்னா மறைக்கலாமோ?”

கட்டியிருந்த சேலையோடு ரிக்‌ஷா ஏறிவிட்டேன். வேலை போனால் என்ன செய்வது என்ற பயம் எனக்கும் இல்லாமல் இல்லை.

கம்பெனியில் முன்னால் உட்கார்ந்து கணக்கு எழுதிக்கொண்டிருந்த கிராணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “பெரிய இடத்துல இப்படி ஒண்ணு ரெண்டு நடக்கும்மா. எங்க பேரு இருக்கு, ஜனங்க சந்தேகப்பட மாட்டாங்க. நீங்க பேசாம வீட்டுக்குப் போங்க.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பேரை நம்பித்தானே ஜனங்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறார்கள். அதையே கேட்டேன், கொஞ்சம் சத்தமாகத்தான். சத்தம் கேட்டு முதலாளி உள்ளேயிருந்து வந்தார். விஷயத்தை அவரிடமும் சொன்னேன்.

“இது யாருக்கெல்லாம் தெரியும்?” என்று கேட்டார்.

“எனக்கும் என் வீட்டுக்காரருக்கும், இந்தா இவருக்கும். இப்ப உங்களுக்கும் தெரியும்.”

அவர் கிராணி பக்கம் திரும்பி, “லாரி செங் ஊர்ப் பக்கம் போயிருக்கும். காரை எடுத்துக்கிட்டுப் போய் மறிங்க” என்றார். எங்கள் வேலை போச்சா இல்லையா என்று தெரியாமலே நான் வீடு திரும்பினேன்.

சாயங்காலம் அதே லாரி எங்கள் வாசலில் வந்து நின்றது. சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்து என் வீட்டுக்காரர் எழுந்திருக்கவே இல்லை. லாரிக்காரர் மூட்டைகளை இறக்கினார்.

“ஒரு தோட்டத்துலயும் இறக்கலக்கா, வழியிலேயே புடிச்சிட்டாங்க. அந்தத் தூளை முதலாளி குழி தோண்டிப் பொதைக்கச் சொல்லிட்டாரு. இது வேற மல்லி, வேற மிளகா. மெஷினைக் கழுவிட்டு அரைப்பீங்களாம்.”

எனக்குக் கண்ணீர் முட்டிவிட்டது. காலையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் அப்போதுதான் இறங்கியது. என் வீட்டுக்காரர் எழுந்து போய்ச் சல்லடையைக் கழற்றினார். “நல்லாத் தேய்ங்க” என்றேன். ஒரு பிடி பச்சரிசியையும் அவரே எடுத்து வந்தார்.

திருவிழாவன்று தோட்டங்களில் விரதம் இருந்தவர்கள் குழம்பு ஊற்றி வயிறாரச் சாப்பிட்டிருப்பார்கள். அவர்களுக்கு இது எதுவும் தெரியாது. தெரியவேண்டிய அவசியமே இல்லாமல் போனது.