கிண்ணத்தில் அளந்த தலைகள்

கப்பித்தான் பள்ளிவாசலுக்குப் பின்சந்தில் சுலைஹா எனக்கு அடுத்த வீட்டுக்காரி. தொழுகைத் தொப்பி பின்னிக் கொடுப்பாள். ஒடிந்த குடைக்கம்பியைக் கல்லில் தேய்த்து ஊசியாக்கியவள் அவள்தான். வேறு யாரோ முதலில் செய்தார்கள் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். நான் கண்ணால் பார்த்தவள்.

வெளி ஆண்பிள்ளையின் தலையை அவள் போய் அளக்க முடியாதல்லவா? அதனால் தொப்பி கேட்கிற வீட்டார், அந்தத் தலையில் கவிழ்த்தால் சரியாக உட்காரும் ஒரு கிண்ணத்தைக் கொடுத்தனுப்புவார்கள். அதைக் கவிழ்த்து வைத்துத்தான் பின்னுவாள். அவள் அடுப்படிப் பலகை முழுதும் ஊரார் தலைகள்.

"காஜா மொய்தீன் தலையில என்னடி ஊறுது?" என்பேன்.

"புளி, லாத்தா. நாளைக்குக் கழுவிடுவேன்லா."

கொடிமலைக்கு ரயில் ஓடத் தொடங்கிய புதிதில், அவள் தங்கை ஹமீதாவுக்குக் கமாலுதீனைப் பேசினார்கள். மலை உச்சியில் ஒரு துரை பங்களாவில் சமையல்காரன். ஹமீதாவுக்கு ஆசைதான். சன்னல் இடுக்கில் அவனைப் பார்த்திருந்தாள். பின்னால் நின்று நானும் பார்த்தேன், லட்சணமான மீசை. அவன் தாயார் காமாரியாதான் பிடி கொடுக்கவில்லை. நோன்பு பிறந்ததும் ஒரு பித்தளைக் கிண்ணத்தையும் பச்சைக் கம்பளி நூலையும் கொண்டுவந்து வைத்தார்.

"மேல ஒரே குளிரு. என் மவனுக்குத் தொப்பி பின்னு. பெருநாளைக்கு அதை அவன் தலையில பார்த்துட்டுத்தான் மத்தப் பேச்சு."

சுலைஹா பருத்தி நூலுக்குப் போடுகிற அதே எண்ணிக்கையில் கண்ணிகளைப் போட்டாள். "நூல் தடிப்புடி, குறை" என்றேன். கேட்டால்தானே? முடித்தபோது கோழி கவிழ்க்கிற கூடைபோல வந்தது. நான் போட்டுப் பார்த்தேன். தோளில் வந்து நின்றது.

முழுவதையும் பிரித்தாள். பருத்தியில் உள்ளங்கை அகலம், கம்பளியில் உள்ளங்கை அகலம் பின்னி, ஒன்றன்மேல் ஒன்று வைத்தாள். பருத்தியில் மூன்று கண்ணி உட்கார்ந்த இடத்தில் கம்பளிக்கு இரண்டு போதுமாயிருந்தது. கம்பளி இழுத்தால் கொடுக்கும் என்று இன்னும் கொஞ்சம் குறைத்தாள். குடைக்கம்பி மெலிசு என்று சீனன் கடையில் சாப்பாட்டுக் குச்சி வாங்கிச் சீவிக்கொண்டாள். "புதுசு, புதுசு, யாரும் சாப்பிட்டதில்ல" என்று கேட்காதவர்களிடமும் சொன்னாள். இந்தத் தடவை தொப்பி கிண்ணத்தைக் கவ்விப் பிடித்தது.

பெருநாள் தொழுகை முடிந்து தாயும் மகனும் சுலைஹா வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். சுலைஹா, ஹமீதா, நான் மூவரும் திரைக்குப் பின்னால். கமாலுதீன் தொப்பியைப் போட்டான். கண்ணும் மூக்கும் காணாமல் போய் மீசை மட்டும் மிஞ்சியது.

"உம்மா, எங்க இருக்கீங்க?"

"என் மவன் தலை என்ன பூசணிக்காயா?" என்றார் காமாரியா.

சுலைஹா திரைக்கு வெளியே கிண்ணத்தை நீட்டினாள். "நீங்க குடுத்த அளவுதான் மாமி!"

காமாரியா அதைத் திருப்பிப் பார்த்தார். "இது என் கிண்ணமே இல்ல. என்னுது விளிம்புல நசுங்கியிருக்கும்."

கூடத்தில் அவர்களோடு இருந்த சுலைஹாவின் புருஷன் பஷீர் மெல்லக் கனைத்தார். "பள்ளியில நோன்புக் கஞ்சி வாங்க எடுத்துட்டுப் போனேன். கூட்டத்துல மாறிப்போயிருக்கும்."

"மாப்பிள்ளை தலையிலயா கஞ்சி வாங்குனீங்க!" என்று சுலைஹா அலறினாள்.

காமாரியா எழுந்துவிட்டார். "குடுத்த அளவைப் பத்திரமா வச்சுக்கத் தெரியாத வீடு. எந்திரி கமாலு."

ஹமீதா என் கையைப் பிடித்தாள். பேசக்கூடாதவள் பேசிவிட்டாள்.

"விளிம்பை மேல மடிச்சுவிடச் சொல்லுங்க, லாத்தா. காது குளிர்ந்தா இறக்கிக்கலாம்."

வாசலுக்குத் திரும்பிய காமாரியா திரைப்பக்கம் திரும்பினார்.

"யாரு பேசுனது?"

"நான்தான்" என்றேன்.

என் குரல் ஊருக்கே தெரியும், கப்பல் சங்கு மாதிரி. இருந்தாலும் நான்தான் என்று நின்றேன்.

கமாலுதீன் விளிம்பை மடித்தான். கம்பளி இரட்டையாகி இறுகி, அளவெடுத்தது போல உட்கார்ந்தது. காதுவரை இறக்கினான், மறுபடி மடித்தான்.

"உம்மா, உட்காருங்க. அந்த மத்தப் பேச்சைப் பேசுங்க."

காமாரியா திரையைப் பார்த்தார். "லாத்தா, உங்க குரலு இன்னிக்கு ரொம்பச் சின்னப் பிள்ளையாட்டம் இருக்கு" என்றார். பிறகு உட்கார்ந்தார். "பசியாறிட்டுப் பேசுவோம். என்ன பலகாரம்?"

அன்றைக்குக் கொளுத்துகிற வெயில். நாள் குறித்து முடிகிறவரை, வியர்வை மீசையில் சொட்டச் சொட்ட, அவன் அந்தத் தொப்பியைக் கழற்றவே இல்லை.