பக்கத்து வயல் புல்

அன்னப்பூரணி காலையில் எழுந்ததும் முதலில் தேடுவது கொக்குகளை. படலையைத் திறந்து, தன் வயல் வரம்பில் ஏறி, அப்பால் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கும் கினிப்புல்லைப் பார்த்தபடி அசையாமல் நிற்பாள். கொக்குகள் அங்கொன்று இங்கொன்றாகப் பறந்தால் பயமில்லை. ஒரே கூட்டமாக எழும்பி, சற்றுத் தள்ளி இறங்கி, மறுபடி எழும்பினால், அவற்றின் கீழே ஒரு பெரிய உடம்பு புல்லை விலக்கி நடக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு அவள் வரம்பைத் தாண்டமாட்டாள்.

மட்டக்களப்பில் வெல்லாவெளிக்கு உள்ளே கிடக்கும் கொக்கட்டிமடு வட்டை என்ற வயல்வெளியில் யானைப் பயம் புதிதல்ல. ஆனால் முன்பு அந்தப் பயத்துக்கு ஒரு பருவம் இருந்தது. கதிர் முற்றும்போது, இருட்டிய பிறகு வரும். வட்டை முழுவதும் விதைத்திருந்தார்கள், முறைவைத்துக் காவல் காத்தார்கள். விடிந்தால் காடுவரைக்கும் வெளி தெரியும். மறைய இடமில்லாமல் யானை காட்டுக்குத் திரும்பிவிடும்.

பிறகு, அரசாங்கம் யோசனையில்லாமல் இரசாயன உரத்தைத் தடுத்த வருடம் வந்தது. கதிரில் நெல்லைவிடச் சப்பிப் பதர்தான் அதிகம். அடுத்த வருடம் டீசலுக்கு வரிசை. ஐந்து ஏக்கர் செய்தவர் இரண்டாகக் குறைத்தார். இரண்டு ஏக்கர் செய்தவர் கட்டாருக்குப் போனார். விட்ட வயலில் முதலில் கோரையும் பன்றிநெல்லும் வந்தன, பிறகு சம்பு, அதற்குப் பிறகு கினிப்புல். கொழும்பில் ஒரு மேசையில் போட்ட கையெழுத்து இங்கே புல்லாக முளைத்தது. யானை இப்போது காட்டுக்குப் போவதில்லை. பகலிலும் வட்டைக்குள்ளேயே நிற்கிறது.

மின்சார வேலி இருந்தது. புல் ஏறி அதன் கம்பியைச் சாகடித்தது. வேலியோரம் புல் வெட்டுவது விவசாயிகளின் பொறுப்பு என்று அரசாங்கக் கந்தோரில் சொன்னார்கள். எந்த விவசாயிகள் என்று அவர்கள் சொல்லவில்லை. ஊரோ பிள்ளையாருக்குப் பொங்கல் வைத்தது. யானையின் பெயரைச் சொன்னால் வந்துவிடும் என்று அதையும் 'பிள்ளையார்' என்றே சொல்லும் ஊர் இது. அரிசியும் சர்க்கரையும் சேர்த்த கைகள் கத்தி எடுத்திருந்தால் பாதிப் புல் விழுந்திருக்கும்.

போன மாரிப் போகத்தில், வெயில் நன்றாக ஏறிய நேரத்தில், சின்னத்தங்கத்தின் புருஷன் சைக்கிளில் வட்டைப் பாதையால் போனார். அன்னப்பூரணியின் அடுத்த வீடு. புல்லுக்குள் இருந்து வந்ததை அவர் கண்டிருக்கவே மாட்டார் என்று எல்லாரும் சொன்னார்கள். விதி என்றும் சொன்னார்கள். விதி என்று சொன்னால் யாரும் எழுந்து போய் எதையும் வெட்ட வேண்டியதில்லை.

அந்தச் சாவுக்குப் பிறகு அன்னப்பூரணிக்குச் சோறு இறங்கவில்லை. அவளுடைய வயல் வீடுகளுக்கும் புல்லுக்கும் நடுவே கிடக்கிறது. வட்டையின் இந்தக் கரையில் இன்னும் விதைப்பது அவள் ஒருத்திதான். சுற்றிலும் புல் நிற்க, நடுவில் ஒரு துண்டு பச்சை நெல் என்றால் யானைக்கு அது இலை போட்டு அழைத்தது மாதிரி. அடுத்த மாரிக்கான கூட்டத்தில் அவள் எழுந்து, இந்தமுறை தான் விதைக்கப்போவதில்லை என்றாள்.

வட்டையின் தண்ணீரையும் வேலியையும் பார்த்துக்கொள்ளும் வட்டை விதானை நல்லரத்தினம் தலையைச் சொறிந்தார். தங்கள் வயல்களை எப்போதோ கைவிட்டவர்கள்தான் முதலில் பதறினார்கள். இவளும் விட்டால் எப்படி என்று கேட்டார்கள். சின்னத்தங்கம் இருந்த இடத்திலேயே இருந்து பேசினாள்.

"நீயும் விட்டா அந்தப் புல்லு என்ட வாசலுக்கு வந்திரும் பூரணி. இப்ப உன்ட வயல் வெளியாக் கிடக்கிறதாலதான், அது வாறத்தக் கண்டு புள்ளைகளத் தூக்கிட்டு ஓடுறம்."

"நான் விதைச்சா அது எனக்கிட்டத்தான் முதல் வரும்."

"ஓம், வரும்."

அன்னப்பூரணி சின்னத்தங்கத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு, அப்படியென்றால் தன் வயலை ஒட்டி நிற்கும் சுதாகரனின் புல்லை வெட்ட வேண்டும் என்றாள்.

சுதாகரன் மட்டக்களப்பு நகரில் உத்தியோகம் பார்ப்பவன். சீதனமாக வந்த வயல். செய்யவும் மாட்டான், செய்யக் கொடுக்கவும் மாட்டான். ஒரு போகம் கொடுத்தால் குத்தகைக்காரரின் பெயர் பதிவில் ஏறிவிடும், பிறகு வயலைவிட்டு எழுப்ப முடியாது என்று பயம். அன்னப்பூரணி இருமுறை கேட்டிருந்தாள். "உங்களில நம்பிக்கை இருக்கு அக்கா, சட்டத்திலதான் இல்ல" என்று ஃபோனில் சிரித்தான். உழுகிறவனைக் காக்க வந்த சட்டம், உழாதவனுக்குப் புல் வளர்க்கக் காரணமானது. அவனுக்கு வயல் போய்விடுமென்ற பயம், இவளுக்கு உயிர் போய்விடுமென்ற பயம். ஊர் அவனுடைய பயத்துக்குத்தான் மரியாதை கொடுத்தது. அடுத்தவர் ஆதனத்துக்குள் இறங்கினால் வழக்கு வரும் என்றார் நல்லரத்தினம்.

அடுத்த நாள் காலை கொக்குகள் எழும்பவில்லை. அன்னப்பூரணி கத்தியை எடுத்துக்கொண்டு போனாள். வீட்டு வேலையை முடித்துவிட்டு வருகிறேன் என்று சின்னத்தங்கம் சொல்லியிருந்தாள்.

ஓரத்தில் இருந்து வெட்டத் தொடங்கினாள். புல் கையைக் கீறியது. உள்ளே காற்றே இல்லை. ஒவ்வொரு பிடியையும் வெட்டிவிட்டு நின்று கேட்டாள். ஒரு பாய் விரிக்கும் அளவு வெளித்தபோது அந்தச் சத்தம் வந்தது. படார். கொஞ்சம் பொறுத்து மறுபடி படார். ஈரத் துணியைக் கல்லில் அடிக்கும் சத்தம். சின்னத்தங்கம் வந்துவிட்டாள், வந்த கையோடு வாய்க்காலில் உடுப்பு அலசுகிறாள் என்று நினைத்தாள். மனம் இளகியது. பெயரைச் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தாள்.

வாய்க்காலில் தண்ணீர் இல்லை.

கோடையில் சிறுபோகம் செய்ய ஆளில்லாததால் குளத்தில் இருந்து இந்தப் பக்கம் தண்ணீர் திறக்கவே இல்லை. வாய்க்கால் முழுவதும் காய்ந்த சம்பு. அது, யானை புல்லை வேரோடு பிடுங்கி, மண்ணை உதற முன்காலில் அடிக்கும் சத்தம். கொக்குகள் எழும்பாததற்குக் காரணம், யானை நடக்கவில்லை. விடிந்ததில் இருந்து ஒரே இடத்தில் நின்று தின்றுகொண்டிருந்திருக்கிறது.

மெல்லும் சத்தம் இப்போது தனியாகக் கேட்டது. வயிற்றுக்குள் இருந்து வரும் உறுமல் மண் வழியாக உள்ளங்காலில் ஏறியது. பின்னால் ஓர் அடி வைத்தாள். வெட்டிய புல் சரசரத்தது. மெல்லுவது நின்றது. தின்கிற யானையைவிடத் தின்னாமல் நிற்கிற யானைதான் பயம்.

அந்த நேரத்தில் வரம்புப் பாதையில் பைக் ஒன்று வந்து நின்றது. கூட்டத்தில் இருந்த யாரோ சுதாகரனுக்குச் சொல்லிவிட்டிருந்தார்கள். அவன் ஹோர்னை அடித்தான்.

"ஆரைக் கேட்டு அக்கா வெட்டுறீங்க? நான் பொலிசுக்குப் போனா என்ன நடக்குமெண்டு தெரியுமா?"

அவள் கையை உயர்த்தினாள். தன்னை அதட்டுகிறாள் என எண்ணி அவன் இன்னும் உரக்கக் கத்தினான். புல் அசைந்தது. கொக்குகள் எழும்பின. எழும்பியவை அவளை விட்டு விலகி, அவன் நின்ற பக்கமாகப் போயின.

பேசாமல் இருந்தால் அவள் தப்புவாள். அது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்துகொண்டே கத்தினாள்.

"பைக்க விட்டிட்டு வாய்க்காலுக்க குதி மனே!"

அவளுடைய குரலுக்கு யானை நின்றது. புல்லுக்கு மேலே அதன் முதுகு மட்டும் தெரிந்தது. எந்தப் பக்கம் திரும்பும் என்று அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அவன் குதித்துவிட்டான். இயந்திரம் நிற்காத பைக் பாதையில் உறுமிக்கொண்டிருந்தது. யானை அந்த உறுமலைத் தேடிப் போனது. தகரம் நெரியும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

சின்னத்தங்கம் வந்து சேர்ந்தபோது, சம்புக்குள் இருந்து அவனை இருவருமாகத் தூக்கிவிட்டார்கள். முழங்கை தோலுரிந்திருந்தது. அது எந்தப் பக்கம் போனது என்று கேட்டான்.

"உன்ட புல்லுக்கதான் போனது," என்றாள் அன்னப்பூரணி. "எங்க நிக்குதெண்டு உனக்கும் தெரியா, எனக்கும் தெரியா."

அவன் காப்பாற்றப்பட்டதால் நல்லவனாகிவிடவில்லை. இந்த ஒரு மாரி மட்டும் செய்யலாம், பதிவில் பெயர் போடக்கூடாது என்று விதானை முன்னிலையில் அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான். அவள் கொடுத்தாள். ஊர்ப் பெண்கள் கத்தியோடு வந்தார்கள். தகரம் தட்டிக்கொண்டே வெட்டினார்கள். ஆண்களில் சிலர் பிறகு வந்தார்கள். முதல் மழைக்கு அவள் இரண்டு வயலையும் விதைத்தாள்.

அதற்கு அப்பால் கிடக்கும் வயலின் சொந்தக்காரர் வெளிநாட்டில். அவருடைய நம்பர் ஊரில் யாரிடமும் இல்லை. அங்கும் புல் ஆளுயரம். அன்னப்பூரணி இப்போதும் காலையில் வரம்பில் ஏறி நிற்கிறாள். பார்வை முன்பைவிட ஒரு வயல் தூரம் கூடுதலாகப் போகிறது. யானை வந்தால் ஓடுவதற்கு அவளுக்குக் கிடைத்திருப்பது அந்த ஒரு வயல்தான்.

நேற்றுக் காலை கொக்குகள் எழும்பவில்லை. அவள் காது கொடுத்துக்கொண்டு நின்றாள்.