மழைக்குப் பற்றாத ‘ழ’

அறந்தாங்கியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற எங்கள் அச்சகத்துக்கு, ஈய எழுத்திலேயே ஒரு புத்தகம் அடிக்க வேண்டும் என்று சென்னையிலிருந்து ஒரு பெண் வந்து நின்றாள். நான் முதலில் பார்த்தது அவள் பையைத்தான். பெரிய பை. எங்களிடம் இருப்பதோ எடைக்கு விலைபோகிற ஈயம். கம்ப்யூட்டர் இருக்கிற ஊரை விட்டு இவ்வளவு தூரம் எதற்கு வருவாள்?

ஓவியம் படித்தவளாம். தாளை மடிப்பதும் தைப்பதும் அவளேதானாம். கொஞ்சம் பிரதிதான் செய்வாளாம். படிக்கிற புத்தகம் இல்லையாம், பார்க்கிற புத்தகமாம். அதைக் கேட்டதும் சந்தேகம் கூடியது. தினமும் சாயங்காலம் அவள் கிளம்பும்போது வாசலை மறித்து நின்றுகொள்வேன்.

“பையத் தொறந்து காட்டு தாயி.”

“இன்னைக்குமாம்மா?” என்று சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டிக் காட்டுவாள்.

“அந்தச் சீப்பையும் பாருங்கத்தே, பல்லுப் பல்லா ஈயம் இருக்கும்” என்று மருமகள் உள்ளேயிருந்து குத்துவாள்.

நான் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். தாளில் உள்ளதை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஈயத்தில் இடம் வலம் மாறி நிற்கிற எழுத்தை மட்டும் தடுமாறாமல் வாசிப்பேன். நான் எழுத்துக் கோத்த பத்திரிகையில் பிழை என்று இந்த ஊரில் ஒருத்தர் வந்து நின்றதில்லை.

அவளுடைய புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க ‘மழை’ என்ற ஒரே சொல்தான். கோத்துக்கொண்டே வந்தேன். பாதிப் பக்கம் தாண்டியதும் ‘ழ’ தீர்ந்துபோனது. எழுத்து தீர்ந்தால் வேறோர் எழுத்தைத் தலைகீழாக வைப்போம். அதன் அடிப்பக்கம் கறுப்புக் கட்டையாக அச்சில் விழும். இங்கே எழுத்து வர வேண்டும் என்பதற்கு அடையாளம் அது. பிறகு சரியான எழுத்து கிடைத்ததும் அதை வைத்துவிடுவோம். அப்படி வைத்தே, அவள் சரிபார்க்கப் புரூஃப் எடுத்துக் கொடுத்தேன்.

அவள் தாளை வெளிச்சத்தில் பிடித்தாள். “மழை விட்டு விட்டுப் பெய்யுற மாதிரியே இருக்கும்மா. மாத்தாதீங்க. இப்படியே அடிப்போம்.”

எனக்குச் சுருக்கென்றது.

“கடைசிப் பக்கத்துல, எழுத்துக் கோத்தவங்கன்னு உங்க பேரப் போடுறேன்” என்றாள் அடுத்து.

ஓகோ, இதற்குத்தானா? கறுப்புக் கட்டையும் இருக்கும், என் பெயரும் இருக்கும். பட்டணத்தில் நாலு பேர் பார்த்து, பாவம், கிழவிக்கு எழுத்துத் தெரியவில்லை என்பார்கள்.

“கட்ட இருந்தா எம்பேரு இருக்காது. எம்பேரு இருந்தா கட்ட இருக்காது.”

“எனக்கு ரெண்டும் வேணும்மா.”

“எதுக்கு? என்னய வச்சுச் சிரிக்கவா?”

அவள் முகம் வாடிவிட்டது. “எழுத்து பத்தாமத்தான் வச்சதுன்னு உங்க பேருக்குக் கீழ ஒரு வரி போட்டுரலாம்.”

“கடைசித் தாளு கிழிஞ்சு போனா? இல்ல, நீயே அதத் தைக்காம விட்டா?”

மருமகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

“போடுறதுன்னா மழைக்குக் கீழயே, அதே தாளுல போடு. நானே கோக்குறேன்.”

“பக்கத்தோட அழகு போயிரும்மா.”

“எம்பேரு போகாதுல்ல?”

அவள் பக்கத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சரி என்று தலையாட்டினாள்.

கோக்க உட்கார்ந்தேன். ‘எழுத்துக் கோத்தவர்’ என்று தொடங்க வேண்டும். அடுத்த வரி, ‘மழைக்கு ழ பற்றாமல் வைத்த கட்டை, பிழை அல்ல.’ மழைக்கும் ‘ழ’ வேண்டும், பிழைக்கும் ‘ழ’ வேண்டும், நடுவில் தனியாக ஒரு ‘ழ’வும் வேண்டும். எங்கே போவது? மேலே இருந்த மழையிலிருந்து ஒவ்வொன்றாக உருவினேன். அங்கெல்லாம் இன்னும் கட்டை ஏறியது.

அவள் பக்கத்திலேயே நின்றாள். சிரிக்கிறாளா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே கோத்து முடித்தேன்.