சாக்ரமென்டோவில் என் இரண்டு நிமிடம்

தொண்ணூறுகளின் கடைசியில் கலிஃபோர்னியாவில், லிவர்மோரில் வீடு, சான் ரமோனில் வேலை. பக்கத்துத் தெருவிலிருந்த எங்கள் ஆபீஸ்காரர் ஒருவரும் நானும் ஒரு வாரம் அவர் கார், மறுவாரம் என் கார் என்று சேர்ந்து போவோம். அவர் கறுப்பினத்தவர். ஸ்பீடு லிமிட்டைத் தாண்டவே மாட்டார். நான் எண்பது மைல் வேகத்தில் பறப்பேன்; ஒரு போலீஸ்காரரும் என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை. ஆனால் அவர் ஓட்டும்போது, நான் பக்கத்தில் இருக்கும்போதே, நான்கு முறை நிறுத்தினார்கள். ஒருமுறைகூட அபராத டிக்கெட் கொடுக்கவில்லை.

இதற்கு நான் கண்டுபிடித்த காரணம், அவர் காரின் சிவப்பு நிறம். "வேற கலர் அடிச்சிடுங்களேன்" என்று ஆலோசனையும் சொன்னேன். அவர் ரேடியோவைப் போட்டார்.

போலீஸார் நிறுத்தும் ஒவ்வொரு ஓட்டுநரின் இனத்தையும் குறித்துவைக்க வேண்டும் என்று ஒரு மசோதா மாநில சட்டமன்றத்துக்கு வந்தது. அதை ஆராயும் சட்டமன்றக் குழுவின் முன்னால் சாட்சி சொல்ல வர முடியுமா என்று நண்பர் கேட்டார். க்ரீன் கார்டு கிடைக்காமல் போய்விடுமோ என்று எனக்குப் பயம். மனைவி தடுப்பாள், அவளைச் சாக்குச் சொல்லித் தப்பலாம் என்று நம்பினேன்.

"தினம் அவரு பக்கத்துல உக்காந்து போறீங்க. பார்த்ததச் சொல்ல என்ன பயம்? சட்டைய அயர்ன் பண்ணி வெக்கிறேன், போயிட்டு வாங்க" என்றாள்.

ஆறு பக்கம் எழுதினேன். சிந்துவெளி நாகரிகத்தில் ஆரம்பித்தேன். குளியலறைக் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்தபோது மகள் கதவைத் தட்டி, "அப்பா, ஹூ ஆர் யூ யெல்லிங் அட்?" என்று கேட்டாள்.

மாநிலத் தலைநகரான சாக்ரமென்டோவில் ஆளுக்கு இரண்டு நிமிடம்தான் என்றார்கள். நான் வேத காலத்தை எட்டும்போது மணி அடித்துவிட்டது. குழுவிலிருந்த ஒரு பெண்மணி இரக்கப்பட்டு, "காரில் என்ன நடந்தது? அதை மட்டும் சொல்லுங்கள்" என்றார்.

"இது யாருடைய கார் என்று அவரிடம் கேட்டார்கள்."

"நீங்கள் என்ன செய்தீர்கள்?"

ஆறு பக்கத்திலும் அது இல்லை. "யாரும் கேட்காமலே என் ஆபீஸ் பேட்ஜை எடுத்துக் காட்டினேன். நான் எஞ்சினியர் என்றேன்."

"உங்கள் நண்பர்?"

"அவர் என் மேனேஜர்."

அறையில் சிரிப்பு எழுந்தது. "அதைச் சொன்னீர்களா?"

"இல்லை" என்றேன். சிரிப்பு அடங்கிவிட்டது. காகிதங்களைப் பொறுக்கிக்கொண்டு எழுந்தேன்.

திரும்பும் வழியில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க பேட்ஜ் காட்டினது எனக்கு ஞாபகம் இருக்கு. உங்களுக்கு இருக்குமான்னுதான் தெரியல" என்றார் ஆங்கிலத்தில். பிறகு, "இன்னிக்கு அதச் சொன்னது நல்லது" என்றார்.

அந்த வருடம் மசோதா சட்டமாகவில்லை. மறுபடி அதைக் கொண்டுவந்தபோது, ஆதரவு மனுவுக்குக் கோயில் கார் பார்க்கிங்கில் நின்று கையெழுத்து வாங்கினேன். ஒரு அங்கிள், "அவங்க வேகமா ஓட்டுறாங்க, போலீஸ் புடிக்குது. நமக்கெதுக்குப்பா இது?" என்றார். நானும் அப்படித்தான் இருந்தேன் என்று தொடங்கி, விடாமல் அரைமணி நேரம் விளக்கினேன். அவர் கையெழுத்துப் போட்டார். மனம் மாறித்தான் போட்டார் என்று சத்தியம் செய்ய மாட்டேன்; உள்ளே புளியோதரை தீர்ந்துகொண்டிருந்தது.