பசிக்காத மூவாயிரம் பேர்

என் வெப்சைட்டின் அடியில் ஒரு கவுன்டர் உண்டு. பக்கத்தைத் திறந்து பார்க்கிறவர்களை எண்ணிக்கொண்டே இருக்கும். அது மூவாயிரத்தைத் தாண்டிய காலையில் நான் போனைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டுக் கொட்டகைக்கு ஓடினேன். என் மனைவி காலி பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முந்தின நாளும் காலியாக இருந்த பெஞ்சுகள்தான். ஆனாலும் துடைத்தாள்.

"மூவாயிரம் பேரு பாத்துகீறாங்க!" என்றேன்.

அவள் துணியைப் பிழிந்தாள். "அத்தினி பேர்ல ஒருத்தனுக்குக் கூடவா பசிக்கல?"

இந்தக் கேள்விக்கு இணையத்தில் எங்கு தேடியும் பதில் கிடைக்கவில்லை.

மீஞ்சூரில் ஒரு தொழிற்சாலையில் வருஷக்கணக்காக ஷிப்ட் பார்த்தவன் நான். பழவேற்காடு ஏரிக்குப் பூநாரை பார்க்க வருகிறவர்கள் மதியம் பிஸ்கட்டைத் தின்றுவிட்டுத் திரும்பிப் போவதைப் பார்த்து, அவர்களுக்குச் சோறு போட்டால் என்ன என்று வேலையை விட்டேன். தோணிரேவுக்குப் பக்கத்தில் எங்கள் குப்பத்திலேயே, வீட்டை ஒட்டி ஒரு கொட்டகை. இறால் தொக்கு, நண்டுக் குழம்பு, ரசம். சமைப்பது மனைவி. ஆள் பிடிப்பது நான். என் வேலைதான் சுலபம் என்று நினைத்தேன்.

இரண்டு மாதம் பார்த்துவிட்டு அவள் கெடு வைத்தாள். "தை முடியறதுக்குள்ள பெஞ்சு நெறையணும். இல்லனா கொட்டாயப் பிரிச்சிட்டு நீ மறுபடி மீஞ்சூருக்கு பஸ் ஏறு." வாயால் சொன்னதோடு விடவில்லை. பரண்மேல் கிடந்த என் பழைய டிபன் கேரியரை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்து, வாசல் ஆணியில் மாட்டினாள். தினமும் காலையில் வெயில் அதன்மேல் பட்டு நேராக என் கண்ணில் அடிக்கும்.

மனிதன் பதறும்போது புத்தி வேலை செய்யாது என்பார்கள். என் விஷயத்தில் அது அதற்கு முன்பும் பெரிதாக வேலை செய்ததில்லை. வாட்ஸ்அப் குழு ஒன்றில் ஒருவர், நூற்றுக்கணக்கான பக்கங்களில் என் வெப்சைட்டுக்கு லிங்க் போட்டுத் தருவதாகச் சொன்னார். "கூட்டத்தை உங்களால தாங்க முடியாது சார்" என்றார். நெத்திலிக் கருவாடு இரண்டு பை கேட்டார். திருப்பாலைவனம் பஸ் ஸ்டாப்பில் கைமாற்றினேன். அவர் பையை மோந்து பார்த்து வாங்கிக்கொண்ட அக்கறையில் கால்வாசியாவது நான் அவர் பேச்சை மோந்து பார்த்திருக்கலாம்.

லிங்க் போட்டார், இல்லையென்று சொல்ல மாட்டேன். டயர் கடைப் பக்கத்தில், ஜாதகப் பக்கத்தில், சவுரி முடி விற்கிற பக்கத்தில். ஒருநாள் யாரோ போன் செய்தார்கள். முதல் வாடிக்கையாளர் என்று லுங்கியை இறக்கிவிட்டு எழுந்து நின்று பேசினேன்.

"சார், உங்ககிட்ட முடி இருக்கா?"

"எனக்கே இல்லீங்க" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அவர் வைத்துவிட்டார்.

பிறகு இன்னொரு கூத்து. எங்கள் குப்பத்துப் பெயரையும் இறால் சாப்பாட்டையும் சேர்த்துத் தேடினால் என் வெப்சைட் வராமல் போய்விட்டது. அத்தனை கண்ட கண்ட இடத்திலிருந்து லிங்க் வந்தால் தேடுபொறிக்குச் சந்தேகம் வருமாம். எனக்கு அப்போது அது தெரியாது. டவர் சரியில்லை என்று நினைத்து ஏரிக்கரை முழுக்க போனை உயர்த்திப் பிடித்தபடி நடந்தேன். டீக்கடைக்காரர் போனை வாங்கித் தேடினேன். கண்டக்டர் போனில் தேடினேன். மனைவியின் போனில், அவள் தூங்கும்போது. கிடைக்கவில்லை என்றதும் முகவரியை நானே தட்டித் திறந்து, இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது: கவுன்டரில் ஏறிய கூட்டத்தில் சவுரி முடிக்காரர்கள் போக மீதி நான்தான். என் வெப்சைட்டுக்கு என்னைவிட விசுவாசமான ரசிகன் கிடையாது. அவனும் வீட்டுச் சாப்பாட்டைக் காசு கொடுக்காமல் சாப்பிடுகிறவன்.

இந்த நிலையில் ஒரு டீச்சர் கூப்பிட்டார். சென்னையிலிருந்து பறவை பார்க்க ஆட்களை அழைத்து வருகிறவர். போன வருஷம் எங்கள் கரையில் வழி கேட்டபோது என் நம்பரை வாங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பேர் வருகிறார்களாம்.

"உங்க வெப்சைட்டைப் பாத்தேன். ஏரி சொர்க்கம்னு போட்டிருக்கீங்க, ருசி அமிர்தம்னு போட்டிருக்கீங்க. நான் கேக்கணும்னு நெனச்சது மட்டும் அதுல இல்ல. எறா அன்னிக்குப் புடிச்சதா, ஐஸ்ல வெச்சதா?"

"அன்னிக்குப் புடிச்சதுதாங்க!" என்று கத்தினேன். வைத்த பிறகு விரல் விட்டு எண்ணினேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் பாடு இல்லை.

ஏரியில் இறாலுக்கு வலை கட்டும் இடத்தில் ஒருநாள் எங்கள் குப்பம் வலை போடும், மறுநாள் அடுத்த குப்பம். அந்த முறையைத்தான் பாடு என்போம். நம் பாடு இல்லாத நாளில் வலையோடு இறங்கினால் அன்றைக்கே பஞ்சாயத்து கூடிவிடும். கையால் தடவிப் பிடிக்கலாம்தான், ஆனால் அது வீட்டுக் குழம்புக்கே சரியாக இருக்கும். இவ்வளவு பெரிய விஷயத்தை நான் வெப்சைட்டில் ஒரு வரிகூட எழுதவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. எங்களுக்கு அது காலையில் வெளிச்சம் வருவது மாதிரி. அதையெல்லாம் யாராவது எழுதி வைப்பார்களா?

மனைவியிடம் மெதுவாக ஆரம்பித்தேன். "ஐஸ் எறா வாங்கி, காரம் கொஞ்சம் தூக்கலா போட்டா..."

"போட்டா?"

"அவங்களுக்கு இன்னா தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்ல. நாளைக்கு ஏரில எறங்கிக் கையால தடவி எறா புடிக்கிற பொம்பளைங்க கூட நானும்தான் உக்காரணும். ஐஸ் எறாவ புதுசுனு வித்தவள்னு ஆளுக்கு ஒரு பேச்சு பேசுவாளுங்க. அன்னிக்கு எந்தம்பி ஊரு பாடு. அவங்கள அங்க அனுப்பு."

அடுத்த குப்பத்தில் அவள் தம்பியும் இதேபோல் வெப்சைட் வைத்துச் சாப்பாடு போடுகிறான். அவன் கொட்டகை திறந்த அன்று, சொந்தக்காரர்கள் எல்லோரும் இலை முன்னால் உட்கார்ந்திருக்க, "மச்சான், உன் ரசத்துல பாத்து தல சீவிக்கலாம் போலகீது" என்று சொன்னவன் நான். ஊரே சிரித்தது. அவன் என்னோடு பேசி ஒரு வருஷம் ஆகிறது. என் கெடுவுக்குக் கடைசி நம்பிக்கையான பன்னிரண்டு பேரை, பேசாத மச்சானுக்கு நானே வாழை இலையில் வைத்துக் கொடுக்க வேண்டுமாம்.

கேரியரைப் பார்த்தேன். அது மின்னியது. சரி, எப்படியும் மீஞ்சூர்தான், போகிற போக்கில் உண்மையாவது பேசிவிட்டுப் போவோம் என்று உட்கார்ந்தேன். சொர்க்கம், அமிர்தம் இரண்டையும் அழித்தேன். கருவாடு வாங்கிப் போனவர் போட்ட லிங்க் எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லி ஒவ்வொரு பக்கத்துக்காரருக்கும் எழுதினேன். டயர் கடைக்காரர் மட்டும் வருத்தப்பட்டார். பிறகு எங்கள் பாடு எந்தெந்த நாள், எந்தெந்த நாள் அடுத்த குப்பத்துப் பாடு என்று மாதம் முழுக்க எழுதி வைத்தேன். இறால் எத்தனை மணிக்குக் கரைக்கு வரும், நண்டு எப்போது சதைப்பிடிப்பாக இருக்கும், குழந்தைகளுக்குக் காரமில்லாமல் கிடைக்குமா, கழிப்பறை எங்கே, எல்லாம். கடைசியில் இப்படி எழுதி மச்சானின் பக்கத்துக்கு லிங்க் கொடுத்தேன்:

'எங்கள் பாடு இல்லாத நாளில் இங்கே வராதீர்கள். என் மச்சான் வீட்டுக்குப் போங்கள். அவன் வைக்கும் நண்டு எங்கள் நண்டைவிட நன்றாக இருக்கும். ரசத்தை எதிர்பார்க்காதீர்கள்.'

டீச்சருக்கும் போன் செய்து, அவசரத்தில் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டு அங்கே அனுப்பினேன்.

ஞாயிறு மதியம் போன் அடித்தது. மச்சான். நான் போனை அரிசிப் பானைக்குள் வைத்து மூடினேன். பானைக்குள்ளிருந்து அடித்தது. மனைவி மூடியைத் திறந்து எடுத்து, "சொல்றா" என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, மாமா கீறாரா?"

"இங்கதான் கீறாரு. பானைக்குப் பின்னால."

"இன்னா மாமா, ஊரு ஒலகத்துக்கே என் ரசத்தப் பத்திச் சொல்லிகீற?"

"மச்சான், நண்டப் பத்தியும்தான்..."

"அத்தயும்தான் படிச்சேன். வந்தவங்க பன்னெண்டு பேரும் மொத வேலையா ரசத்த ஊத்திப் பாத்துட்டு சிரிக்கிறாங்க. அந்த டீச்சரம்மா சொல்லுது, ரசம் மோசம்னு எழுதிகீறாரு, அதனாலதான் நண்டு நல்லாருக்கும்னு நம்பி வந்தோம்னு. நண்டு சட்டிய வழிச்சிட்டாங்க மாமா."

"இரு, நானும் எழுதறேன்" என்று வைத்துவிட்டான். மனைவி என்னைப் பார்த்தாள். நான் பானையைப் பார்த்தேன்.

அன்று சாயந்திரமே அவன் பக்கத்தில் வந்துவிட்டது: 'எங்கள் பாடு இல்லாத நாளில் அக்கா வீட்டுக்குப் போங்கள். அக்கா கைப்பக்குவம் எனக்கு வராது. மாமா ஜோக் சொல்ல ஆரம்பித்தால் கவனிக்காதீர்கள், சோறு ஆறிவிடும்.' கீழே என் வெப்சைட்டுக்கு லிங்க். டீச்சர் இரண்டு பக்கத்தையும் தன் பறவைக் குழுவின் வெப்சைட்டில் போட்டார், நாங்கள் யாரும் கேட்காமலே.

இப்போது கவுன்டரில் ஒரு வாரத்துக்கு ஐம்பது பேர் ஏறினால் அதிகம். சவுரி முடி யாரும் கேட்பதில்லை. ஆனால் அந்த ஐம்பதில் பசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பாடு நாளைப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிடுகிறார்கள். தை கடைசி வாரத்தில் பெஞ்சு போதாமல் பாய் விரித்தோம். நான் கரண்டியோடு ஒருவர் பக்கத்தில் போய் வாயைத் திறந்தேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "ஜோக் அப்புறம் சார், மொதல்ல சோறு."

டிபன் கேரியர் ஆணியிலிருந்து இறங்கிவிட்டது. மச்சான் ஊர்ப் பாடு நாளில், காலையில் அவன் பைக்கில் வந்து அதை வாங்கிப் போகிறான். நாலு அடுக்கும் நிறைய எங்கள் வீட்டு ரசம்.

போன வாரம் அதைக் கையில் வாங்கிக்கொண்டே கேட்டான். "மாமா, அந்த ரசம் வரிய எடுத்துடேன். இப்போ அக்கா ரசம்தானே ஊத்தறேன்."

நியாயம்தான். பொய்யான வரியை வைத்திருக்கக் கூடாது. அன்றைக்கே மாற்றி எழுதினேன்: 'அங்கே ரசமும் இப்போது பிரமாதமாக இருக்கிறது. எப்படி என்று அவனிடம் கேளுங்கள்.'

மறுபடி போன் அடிக்கிறது. மச்சான்தான். அரிசிப் பானை மனைவிக்குத் தெரிந்த இடம், ஒளிக்க வேறு இடம் பார்க்க வேண்டும்.