பேச்சியம்மா எழுதிய இருபத்தொன்பது

மலைச்சரிவில் உருண்ட கல் முழங்காலை நசுக்கிய பிறகு பேச்சியம்மாவால் கொழுந்து பறிக்க ஏற முடியவில்லை. இலங்கை மலையகத்தில் டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அவளுக்கு ஆபீஸ் கூட்டும் வேலை கொடுத்தார்கள். வாசலில் நின்ற வெள்ளைப் பெட்டிக்குள் இரண்டு பாரன்ஹீட் வெப்பமானிகள். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். விடியற்காலையில் இரண்டையும் பார்த்து, துணியில் இருப்பது தண்ணியா கட்டியா என்பதோடு பதிவுப் புத்தகத்தில் எழுதுவதும் அவள் பொறுப்பு. கொழுந்துத் தராசைப் பார்த்தே எண் பழகியவள்.

1961 ஜனவரியில் கடும் உறைபனி. ஈரத்துணி வெப்பமானிக்கு நேரே முதல் மூன்று நாளும் 'இருபத்தொன்பது, தண்ணி' என்று எழுதினாள். மூன்று நாளும் ஆபீசின் தலைமை எழுத்தரான பெரிய கிளாக்கர் கணேசமூர்த்தி சிவப்பு மையால் அதை அடித்து முப்பத்திரண்டு போட்டார்.

"முப்பத்திரண்டுலயே தண்ணி கட்டியாயிரும். அதுக்குக் கீழ ஈரம் எப்படி இருக்கும்? தூங்கிட்டு வந்து இஷ்டத்துக்கு எழுதுறியா?"

"துணி நனைஞ்சுதாங்க இருந்துச்சு."

"மாத்தி எழுது. இல்லன்னா மலையில தண்ணி ஓடுற கான் வெட்டப் போ."

"கான் வெட்டுறேங்க. எழுதுனத மாத்த மாட்டேன்."

மறுநாள் விடிந்ததும் அவர் வீட்டு வாசலில் போய் நின்றாள். "வாங்கய்யா, நீங்களே பாருங்க."

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்தவர்களும் பெட்டியைச் சுற்றிக் கூடினார்கள். பாதரசம் இருபத்தொன்பதில் நின்றது. துணியில் ஈரம் மினுங்கியது. பேச்சியம்மா புல்லிலிருந்து ஒரு துணுக்கு உறைபனியைக் கிள்ளித் துணியில் வைத்தாள். துணி வெளுத்து விறைத்தது. பாதரசம் எல்லோர் கண்முன்னும் முப்பத்திரண்டுக்கு ஏறியது.

"இப்பத்தாங்க கட்டியாச்சு. தொட்டு ஆரம்பிச்சு வைக்க ஒண்ணு வேணும். அதுவரைக்கும் தண்ணிதான்."

கணேசமூர்த்தி திரும்பி நடந்தார். அன்றைக்கே அவளைக் கான் வெட்ட அனுப்பினார். நொண்டிக்கொண்டே போனாள். மண்வெட்டியைப் பிடித்தாளே தவிர, மன்னிப்புக் கேட்கவில்லை.

அவள் கான் வெட்டப் போன பன்னிரண்டாம் நாள், பனியில் கருகிய செடிகளைப் பார்க்க ஓர் ஆராய்ச்சி அதிகாரி வந்தார். புத்தகத்தில் சிவப்புக் கோடுகளைக் கண்டு, எழுதியவளைக் கூப்பிட்டார்.

"நீங்க எழுதினதுதான் சரி. இன்னும் ரொம்பக் கீழ, சட்டுன்னு குளிர வச்சா, தண்ணி ஐஸாகாமலே கண்ணாடி மாதிரி இறுகிடும். அப்பவும் உள்ள அணுக்கள் முழுசா அடங்காது. எவ்வளவு குளிர்ந்தாலும் ஒரு துடிப்பு மிஞ்சும்."

"அத கிளாக்கரய்யாகிட்டயும் சொல்லுங்க" என்றாள் பேச்சியம்மா.

பக்கத்தைக் கிழித்துப் புதிதாக எழுதலாம் என்றார் கணேசமூர்த்தி. அவள் புத்தகத்தின் மேல் கையை வைத்தாள்.

"கிழிக்க வேணாம். அடிச்சது யாருன்னு பக்கத்துல கையெழுத்துப் போடுங்க. நாளையிலேருந்து பெட்டிய நான்தான் பாப்பேன்."

அதிகாரி பேனாவை நீட்டினார். கணேசமூர்த்தி மூன்று இடத்திலும் கையெழுத்து வைக்கும்வரை அவள் மேசை முன்னால் நின்றுகொண்டே இருந்தாள்.