அக்காவைச் சிங்களத்தில் சொன்னேன்

தோட்டச் சனத்தைப் பற்றி நிகழ்ச்சி எடுக்க டீவிக்காரர்கள் வேனில் வந்து இறங்கியதும் எங்கள் தோட்டத்தைப் பார்த்து முகம் வாடிப்போனார்கள். தேயிலை இல்லை, எல்லாம் இறப்பர் மரம். பிறகு தெரணியகலைப் பக்கம் போய், யாரோ கொழுந்து பறிப்பதை எடுத்துக்கொண்டார்களாம். நிகழ்ச்சியில் அதுதான் எங்கள் தோட்டமாக வந்தது. போகட்டும், அதில் எனக்குக் குறையில்லை.

கேள்வி கேட்டது கொழும்புத் தமிழ்ப் பிள்ளை ஒன்று. நல்ல பிள்ளை. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் என் காம்பரா வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, "ஐயா, லயத்த எரிச்ச அன்னைக்கு என்ன நடந்துச்சு? நிதானமா சொல்லுங்க" என்றாள்.

வாயைத் திறந்தேன். சிங்களம் வந்தது.

இந்தப் பக்கத்து ஆட்களுக்கு மட்டும்தான் இது விளங்கும். லயத்துக்கு முன்னால் தெரியாத வேன் வந்து நின்றால் நாங்கள் தமிழை மடித்து உள்ளே வைத்துவிடுவோம். அழுகிற குழந்தையைக்கூடச் சிங்களத்தில்தான் அதட்டுவோம். லயம் எரிந்த நாளிலிருந்து வந்த பழக்கம். பயம் போய் எத்தனையோ காலமாகிறது, நாக்கு மட்டும் இன்னும் கேட்கமாட்டேன் என்கிறது.

அந்தப் பிள்ளையும் தடுக்கவில்லை. எனக்கு அதுதான் வசதி என்று நினைத்திருப்பாள். நானும் விடாமல் சொன்னேன். பக்கத்துச் சிங்களக் கிராமத்திலிருந்து ஆட்கள் நெருப்போடு வந்தது, நாங்கள் இறப்பர் காட்டுக்குள் ஓடியது, காய்ச்சலோடு கிடந்த அக்காவை அப்பா தூக்கி வந்தது, மழை, விடியுமுன்னே அவள் போனது. எல்லாவற்றையும் சொன்னேன்.

எனக்கு ஓர் ஆசை இருந்தது. அம்மா, அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பழைய சனம் கப்பலேறி இந்தியா போய்விட்டது. அக்காவைக் கண்ணால் பார்த்தவன் என்று இந்தத் தோட்டத்தில் மிச்சம் நான் ஒருவன்தான். ஒரு போட்டோகூட இல்லை. டீவியில் வந்துவிட்டால், நான் போன பிறகும் அவள் எங்கேயாவது இருப்பாள் அல்லவா?

ஒளிபரப்பான ஞாயிறு சாயங்காலம் பக்கத்துக் காம்பராவில் போய் உட்கார்ந்தேன். என் டீவிப் பெட்டியில் படம் கோடுகோடாக ஓடும். அந்த வீட்டுப் பிள்ளை எனக்கு மருமகள் முறை. வாய் சும்மா இருக்காது.

"மாமா, என்னா சட்டையெல்லாம் மடிப்புக் கலையாம? பொண்ணு பாக்கவா போனீங்க?"

"நீ டீவியப் பாரு புள்ள."

புல்லாங்குழல் ஊதியது. மேலே பறந்து மலையைக் காட்டினார்கள். 'கசப்பான சில சம்பவங்கள் நிகழ்ந்தன' என்றது ஒரு கனத்த குரல். மழை பெய்தது, வெயில் அடித்தது என்கிற மாதிரி. நெருப்பு வைத்த கை ஒன்றையும் காணோம்.

பிறகு நான் வந்தேன். "லயத்தை எரித்தார்கள், மரங்களுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டு நின்றோம்" என்று சிங்களத்தில் ஒரே வசனம். என் நெஞ்சுக்குக் கீழே தமிழிலும் சிங்களத்திலும் எழுத்து ஓடியது: அயல் கிராமவாசி.

அவ்வளவுதான். அடுத்தது தேயிலைத் தொழிற்சாலை.

மருமகள் வாய்விட்டுச் சிரித்தாள். "ஐயோ மாமா, ஒங்கள கிராமத்துச் சிங்கள மாத்தயாவா ஆக்கிட்டானுங்களே!" என் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டாள். "பிளேன்டீ ஊத்தவா?" என்றாள். வேண்டாம் என்று எழுந்து வந்தேன்.

என் வீடு எரிந்ததை நானே வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்தவனாகிவிட்டேன். அக்கா வரவேயில்லை.

மறுநாள் அந்தக் கொழும்புப் பிள்ளை போன் பண்ணினாள். "ஐயா, மன்னிச்சுக்கங்க. வெட்டி ஒட்டுனவங்களுக்கு நீங்க யாருன்னு தெரியல. ஒங்க போன்லயே தமிழ்ல பேசி அனுப்புங்க. திரும்பப் போடச் சொல்லிக் கேக்குறேன். போடுவாங்களான்னு தெரியாது."

பிற்பகல் கதவைச் சாத்திக்கொண்டு போனைக் கையில் பிடித்தேன். "எங்க அக்கா..." அதற்கு மேல் வரவில்லை.

அப்போதுதான் விளங்கியது. இந்தக் கதையை நான் தமிழில் சொன்னதே இல்லை. பொலிசில் சொன்னது சிங்களம், கிராம சேவகரிடம் சொன்னது சிங்களம். வீட்டில் யாருக்குச் சொல்வது? எல்லோரும்தானே அந்த மழையில் நின்றோம்.

மறுபடி ஆரம்பித்தேன். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் தேடி. கதை இறப்பர் மரத்தடிக்கு வந்தபோது, எந்த விசாரணையிலும் யாரும் கேட்காத ஒன்று தானாக வாயில் வந்தது. காய்ச்சலில் கொதித்துக்கொண்டிருந்தவள், நனைந்த சேலைத் தலைப்பைப் பிழிந்து என்னிடம் நீட்டினாள்.

"தலையத் தொவட்டுடா. சளி புடிச்சுக்கும்."

அவள் குரலிலேயே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் மருமகளின் பாத்திரச் சத்தம் நின்றது.

அனுப்பினேன். அங்கே போய்ச் சேர்ந்ததற்கு அடையாளம் விழுந்தது. பதில் இன்னும் வரவில்லை. போனில் நான் பேசியது இருக்கிறது. சில பிற்பகல்களில், கதவைச் சாத்தாமல் போட்டுக் கேட்கிறேன்.